தேய்த்தலும் உரித்தலும்: தோலின் அரணைப் பற்றிய ஒரு விவாதம்

தோலின் மேற்பரப்பில் படிந்திருக்கும் செத்த செல்களை வேண்டுமென்றே அகற்றினால் தோல் வலுப்பெறுமா, அல்லது அதன் காப்பு குலையுமா? பாசிப்பயறு மாவு தொடங்கி கிளைக்காலிக் அமில சீரம் வரை எல்லாவற்றையும் நோக்கிக் கேட்கக்கூடிய கேள்வி இது. ‘வாரம் இருமுறை ஸ்க்ரப் செய்தால்தான் முகம் தெளியும்’ என்கிறது ஒரு தரப்பு. ‘தோலைத் தொடாதே, அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் பின்னால் ஆய்வுகள் உண்டு. இரண்டிலும் மிகைப்படுத்தலும் உண்டு. ஒவ்வொரு தரப்பும் தான் அறிந்த ஒரு தோலையும், ஒரு முறையையும், ஓர் அளவுகோலையும் வைத்துக்கொண்டு எல்லோருக்குமான தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்புகள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

அழுக்கு என்ற பழைய விளக்கம்

பண்டைய கிரேக்கரும் ரோமரும் உடலில் எண்ணெய் பூசி, ஸ்ட்ரிஜில் எனப்படும் வளைந்த உலோகக் கருவியால் அதை வழித்தெடுத்தார்கள். மொராக்கோவின் ஹம்மாம்களில் கருப்பு சோப்பைத் தடவி, ஆவியில் ஊறவிட்டு, கெஸ்ஸா என்னும் சொரசொரப்பான கையுறையால் தேய்க்கிறார்கள். கொரியப் பொதுக் குளியலறைகளில் வெந்நீரில் நெடுநேரம் ஊறிய பிறகு ‘இத்தாலித் துண்டு’ எடுக்கப்படுகிறது. 1960-களில் பூசான் நகரில் உருவான அந்தத் துணிக்கு, மூலத்துணி இத்தாலியிலிருந்து வந்ததால் அப்பெயர். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் தினசரி ஒழுக்கங்களைச் சொல்லும் பகுதியில் உத்வர்த்தனம், அதாவது பொடி கொண்டு உடலைத் தேய்த்தல், கபத்தையும் கொழுப்பையும் குறைத்துத் தோலைத் தெளிவாக்கும் என்கிறது. தமிழ் வீடுகளில் நல்லெண்ணெய், சீயக்காய், பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், பீர்க்கங்காய் நார் எனப் பட்டியல் நீளும். கைக்குழந்தையின் மேனியில் மாவை உருட்டி ரோமத்தை நீக்கும் வழக்கமும் இந்த வரிசையில் சேர்ந்ததே.

இவ்வளவு தூரத்தில் இருக்கும் வழக்கங்களுக்குள் ஒரு பொது ஒழுங்கு தெரிகிறது. முதலில் எண்ணெயோ, நீரோ, ஆவியோ தோலை இளக்குகிறது. அதன் பிறகே தேய்ப்பு. இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தாலும் அது நியாயமான வரிசை. ஊறிய மேல்படலம் குறைந்த விசையிலேயே கழன்றுவிடும், எண்ணெய் உராய்வைத் தணிக்கும். வழக்கத்தில் இருந்த விவேகம் இது. விளக்கம்தான் பிசகியது. திரண்டு வரும் சாம்பல்நிறத் திரியை எல்லாப் பண்பாடுகளும் அழுக்கு என்றே எடுத்துக்கொண்டன. உண்மையில் அதில் பெரும்பகுதி தோலின் சொந்தச் செல்களும் எண்ணெய்ப் பசையும்தான். எவ்வளவு சுத்தமானவர் தேய்த்தாலும் அது வரும். நாளை தேய்த்தாலும் வரும். ‘அழுக்கு போகும்வரை தேய்’ என்ற அறிவுரைக்கு ஆகவே முடிவே கிடையாது. பழைய விடையின் மிகப் பெரிய பலவீனம் இந்த எல்லையின்மை. இன்று தோல் மருத்துவர்களிடம் வரும் பல சிக்கல்களுக்கு வேர் இங்கே இருக்கிறது.

செத்த உறையல்ல

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவமும் மேல்தோலின் வெளிப்படலத்தை, அதாவது கொம்புப் படலத்தை, பெரிதாக மதிக்கவில்லை. நுண்ணோக்கியின் கீழ் அது பின்னிய கூடையைப்போல ஓட்டையும் இழையுமாகத் தெரிந்தது. வில்லைகளைத் தயாரிக்கும்போது பயன்பட்ட கரைப்பான்கள் கொழுப்பைக் கழுவிவிட்டதால் உண்டான தோற்றம் அது என்பது பிறகே விளங்கியது. ஹெர்மன் பிங்கஸ் 1950-களின் தொடக்கத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டிப் பிரித்து, கொம்புப் படலத்தை அடுக்கடுக்காக உரித்து ஆராய்ந்தார். அதே காலத்தில் இர்வின் பிளாங்க், படலத்தை உரித்துக்கொண்டே போனால் உடலிலிருந்து நீர் தாராளமாக வெளியேறத் தொடங்குகிறது என்று காட்டினார். 1964-இல் ஆல்பர்ட் கிளிக்மன், அந்தப் படலம் கழிவு உறையல்ல, உடல் மெனக்கெட்டுக் கட்டும் உறுப்பு என்று வாதிட்டார். 1975-இல் ஆலன் மைக்கேல்ஸ் குழு செங்கல்–சாந்து மாதிரியை முன்வைத்தது. பீட்டர் இலையாஸ் அதற்கு உயிரியல் உடல் கொடுத்தார். புரதம் நிறைந்த தட்டைச் செல்கள் செங்கல், அவற்றுக்கிடையே அடுக்கடுக்காகப் படிந்த கொழுப்பு சாந்து.

உடலின் பெரும்பகுதியில் இந்தச் சுவருக்கு ஏறத்தாழ 15 முதல் 20 அடுக்குகள். மொத்தத் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். எழுதும் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. சாந்தின் எடையில் பாதியளவு செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதத்தில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். இந்தக் கலவைதான் உள்நீரை வெளியே விடாமலும் வெளிப்பொருளை உள்ளே விடாமலும் காக்கிறது. தேய்ப்பவர்கள் கை வைக்கும் இடம் இவ்வளவு மெல்லியது என்பது தெரிந்ததும், கேள்வியின் தொனியே மாறியது. எவ்வளவு அகற்றலாம் என்பதோடு, எந்த அடுக்கிலிருந்து அகற்றுகிறோம் என்பதும் பேசுபொருளானது.

தானாக உதிரும் ஒழுங்கு

செல்களை ஒன்றோடொன்று பிணைப்பவை கார்னியோடெஸ்மோசோம் எனப்படும் புரதப் பிணைப்புகள். படலத்தின் கீழ்ப்பகுதியில் அவை நெருக்கமாக இருக்கும். மேலே வரவர நொதிகள் அவற்றை அறுத்துவிடும். கடைசி ஓரிரு அடுக்குகள் தளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிரும். சுவீடனின் உமேயோவில் டோர்ப்யோர்ன் எகெல்ருட் நடத்திய ஆய்வுகள் இந்த நொதிகளை அடையாளம் காட்டின. கல்லிக்ரீன் குடும்பத்தைச் சேர்ந்த 5, 7, 14 என்ற எண்ணுடையவை அவற்றில் முக்கியமானவை.

இந்த நொதிகளை அடக்கிவைக்க லெக்டி என்ற தடுப்புப் புரதம் இருக்கிறது. அதற்கான மரபணு பழுதானால் வருவது நெதர்ட்டன் நோய்க்குறி. இந்தத் தொடர்பு 2000-இல் உறுதியானது. அந்நோயில் பிணைப்புகள் காலத்துக்கு முன்பே அறுந்து, குழந்தை பிறந்ததிலிருந்தே சிவந்த, உரியும், நீரிழக்கும் தோலோடு போராடுகிறது. கட்டுப்பாடற்ற உரிதல் எப்படியிருக்கும் என்பதற்கு இயற்கையே வைத்திருக்கும் சான்று அது. மறுமுனையில் இக்தியோசிஸ் வகை நோய்களில் செல்கள் உதிராமல் செதிலாகத் திரளும். ஆக உரிதல் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. விவாதத்தின் இரு தரப்பும் பெரும்பாலும் இதில் ஒரு முனையை மட்டும் காட்டிப் பேசுகின்றன.

இன்னும் இரண்டு செய்திகள் இங்கே முக்கியம். முதலாவது நீர். பிணைப்பறுக்கும் நொதிகள் வேலை செய்யப் படலத்தில் ஈரம் வேண்டும். வறண்ட தோலில் அவை முடங்குவதால் செல்கள் கொத்தாகத் தேங்கி, வெள்ளைச் செதிலாகத் தெரிகின்றன. கிளிசரின் தடவினால் ஈரம் கூடி, பிணைப்புகள் இயல்பாக அறுவதை 1990-களில் ஆண்டனி ராலிங்ஸ் குழு காட்டியது. காலில் சாம்பல் பூத்ததுபோல் செதில் தெரிந்தவுடன் நாரைத் தேடும் பழக்கத்துக்கு இது நேரடி மறுப்பு. செதிலைச் சுரண்டினால் அடையாளம் போகும். உதிர்தலை முடக்கிய வறட்சி அப்படியே இருக்கும். பல சமயம் கூடவும் செய்யும்.

இரண்டாவது அமிலத்தன்மை. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு பிஎச் அளவு பொதுவாக 4.5-க்கும் 5.5-க்கும் இடையே. ஷாடேயும் மார்க்கியோனினியும் 1928-இலேயே இதை ‘அமிலப் போர்வை’ என்று குறித்தார்கள். கல்லிக்ரீன் நொதிகளோ காரச் சூழலில் வேகம் பிடிப்பவை. சாந்தைப் பதப்படுத்தும் நொதிகளுக்கு அமிலச் சூழல் வேண்டும். ஆகவே பிஎச் ஏறினால் செங்கல் கழல்வதும் சாந்து கெடுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பிஎச் நெடுநேரம் உயர்ந்திருந்தால் அரண் குலைவதை ஜான்-பியர் ஹாஷெம் முதலானோர் 2003-இலும் 2005-இலும் எலிகளில் விளக்கினார்கள். சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9 முதல் 10. நாள்தோறும் இருவேளை, உப்புநீரில், சோப்பும் நாருமாகக் குளிக்கும் ஒருவர் ‘நான் எக்ஸ்ஃபோலியேஷன் எதுவும் செய்வதில்லை’ என்று சொல்லக்கூடும். அவர் தோல் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது. ஆய்வுகளும் இந்தப் பின்னணிச் சுமையைப் பெரும்பாலும் தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

அமிலங்கள் சார்பான வாதம்

நவீன உரித்தல் தரப்பின் தொடக்கம் 1974. யூஜின் வான் ஸ்காட், ருவே யூ இருவரும் இக்தியோசிஸ் நோயாளிகளுக்கு ஆல்ஃபா ஹைட்ராக்ஸி அமிலங்களைத் தடவி, செதில் திரள்வது கட்டுப்படுவதைப் பதிவு செய்தார்கள். நோய்த்தோலுக்குக் கிடைத்த மருந்து, 1990-களில் நலமான முகங்களுக்கான ஒப்பனைப் பொருளானது. ஒரு சிகிச்சையின் நியாயம் இன்னொரு சந்தைக்கு இடம்பெயர்ந்த இந்தத் தாவலை யாரும் அதிகம் கேள்வி கேட்கவில்லை.

இருந்தாலும் நலமான தோலிலும் அமிலங்கள் அரணை உடைத்துவிடுவதில்லை என்பதற்குக் குறிப்பிடத்தக்க சான்றுகள் உண்டு. 1997-இல் ஃபர்டாஷ் குழு 4 விழுக்காடு கிளைக்காலிக் அமிலத்தை மூன்று வாரம் தடவி, தோலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தது. மேலுள்ள தளர்ந்த அடுக்குகளில் பிணைப்புகள் கூடுதலாகக் கரைந்திருந்தன, கீழுள்ள இறுகிய அடுக்குகளும் கொழுப்புச் சாந்தும் அப்படியே இருந்தன, நீரிழப்பு கூடவில்லை. அதே ஆண்டு என்ஸோ பெரார்டெஸ்கா குழு 8 விழுக்காடு அமிலங்களை நான்கு வாரம் தடவிய பிறகு, தோலை ஒரு கடுஞ்சலவைப் பொருளுக்கு உட்படுத்தியது. குளுகோனோலாக்டோன், டார்டாரிக் அமிலம் தடவிய இடங்கள் தடவாத இடத்தைவிட அதை நன்றாகத் தாங்கின. இதற்கு முந்தைய ஆண்டில் ராலிங்ஸ் குழு, லாக்டிக் அமிலத்தின் எல்-வடிவம் செராமைடு உற்பத்தியையே தூண்டுவதாக எழுதியிருந்தது.

இந்தத் தரப்பை மூன்று இடங்களில் நெருக்கலாம். முதலில், விளக்கமே இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை. பிணைப்பறுக்கும் நொதிகள் கார விருப்பமுள்ளவை என்றால், அமிலம் தடவும்போது உரிதல் குறையத்தானே வேண்டும்? ஹாஷெம் குழு 2010-இல் பாலிஹைட்ராக்ஸி அமிலங்களைப் பயன்படுத்திப் பார்த்தபோது பிணைப்புகள் சிதையாமல் காக்கப்பட்டன. கடைகளில் மென்மையான உரிப்பான் என்று விற்கப்படும் அதே வகைப் பொருள், ஆய்வகத்தில் உரிதலைத் தடுக்கிறது! அமிலங்கள் கால்சியத்தைக் கவர்ந்து பிணைப்பைத் தளர்த்துகின்றன என்ற கருதுகோள் உண்டு. அமில விருப்பமுள்ள கதெப்சின் நொதிகள் பொறுப்பேற்கின்றன என்றும் சொல்வார்கள். எந்தச் செறிவில், எந்தப் பிஎச்சில் எது மேலோங்கும் என்பது தீரவில்லை.

இரண்டாவது, குப்பியில் அச்சிட்ட விழுக்காடு சொல்வது பாதிக்கதைதான். அமிலத்தின் சுதந்திர வடிவமே படலத்துக்குள் எளிதாக ஊடுருவும். கிளைக்காலிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அதில் பாதி சுதந்திர வடிவில் இருக்கும் பிஎச், 3.83. பிஎச் 3.5-இல் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுதந்திர வடிவில் இருக்கும். பிஎச் 5-இல் பதினாறில் ஒரு பங்குதான். ‘10 விழுக்காடு’ என்று எழுதிய இரண்டு குப்பிகளின் வீரியம் பத்து மடங்கு வேறுபடலாம். பிஎச்சைக் குறிப்பிடாத ஆய்வை வேறொரு ஆய்வோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. இதே கணக்கு சமையலறை வைத்தியத்துக்கும் பொருந்தும். தயிரில் லாக்டிக் அமிலம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு, பிஎச் 4.5 அளவில் அதில் ஐந்தில் ஒரு பங்கே சுதந்திரம். பத்து நிமிடத் தயிர்ப்பூச்சு ஈரம் தரலாம்; உரிக்கும் என்று நம்ப அதிகம் இடமில்லை. எலுமிச்சைச் சாறு நேர்மாறு. பிஎச் 2-ஐ ஒட்டியது, கட்டுப்பாடற்றது. எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள ஃப்யூரோகூமரின்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைக் கருக வைப்பதும் உண்டு.

மூன்றாவது வெயில். அரண் குலையவில்லை என்று நீரிழப்புக் கருவி சொன்ன அதே அமிலங்கள், புறஊதாக் கதிரிடம் தோலைக் கூடுதலாகக் காட்டிக்கொடுத்தன. 10 விழுக்காடு கிளைக்காலிக் அமிலத்தை நான்கு வாரம் தடவிய தோலில் வெயிலால் சாகும் செல்கள் அதிகரித்ததையும், நிறுத்திய ஒரு வாரத்தில் அது இயல்புக்குத் திரும்பியதையும் 2003-இல் கைட்பே குழு பதிவு செய்தது. 2009-இல் கார்ன்ஹவுசர் குழுவும் இதையே உறுதிசெய்தது. ஆனால் 2 விழுக்காடு சாலிசிலிக் அமிலத்தில் அந்த விளைவு தெரியவில்லை. அமிலங்கள் என்று ஒட்டுமொத்தமாகப் பேசுவது எவ்வளவு தளர்வான பேச்சு என்பதற்கு இது போதும். சாலிசிலிக் அமிலம் கொழுப்பில் கரைவது, துளைகளுக்குள் இறங்குவது. அதன் வரலாறும் 1880-களின் உன்னா வரை பின்னோக்கிச் செல்லும் தனி வரலாறு.

சேதம் என்ற வாதம்

எதிர்த்தரப்பின் அடித்தளம் ஒட்டுநாடா. படலத்தை முழுக்க உரித்தால் நீரிழப்பு பல மடங்கு கூடுகிறது. உடனே கீழ்ச்செல்கள் சேமித்து வைத்த கொழுப்பு உருண்டைகளைச் சில நிமிடங்களில் வெளியே தள்ளுகின்றன. பிறகு புதுக் கொழுப்பை உருவாக்குகின்றன. இளையவர்களில் பாதியளவு மீட்புக்கு ஒரு நாள் போல ஆகும். முழு மீட்புக்குச் சில நாட்கள். 80 வயதைத் தாண்டியவர்களில் இது மிகவும் தாமதம் என்று 1995-இல் ருபி கதியாலி குழு காட்டியது. தேர்வுக் காலத்தில் மாணவர்களின் தோல் விடுமுறைக் காலத்தைவிட மெதுவாக மீள்கிறது என்ற 2001-ஆம் ஆண்டு ஆய்வு இங்கே சுவையான பக்கக்குறிப்பு. திருமணத்துக்கு முந்தைய வாரத்தில், தூக்கமும் நிம்மதியும் இல்லாத நேரத்தில், அழகு நிலையத்தில் அமிலத்தால் தோலை உரிக்கும் பீல் செய்துகொள்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நீரிழப்பு மட்டுமல்ல. அரண் குலைந்ததும் மேல்தோல் அழற்சிச் செய்திகளை அனுப்புகிறது என்று 1992-இல் வுட், இலையாஸ் குழு எலிகளில் கண்டது. கொம்புப் படலத்தில் இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் முன்கூட்டியே சேமிக்கப்பட்டிருக்கிறது; படலம் கிழிந்தால் அது கசியும். ஒருமுறை கசிந்தால் பழுது பார்க்கும் அழைப்பு. மீட்பு முடியுமுன் மறுபடி மறுபடி கசிந்தால், எலித்தோலில் மேல்தோல் தடித்து, நாள்பட்ட அழற்சி நிலைகொள்கிறது. இங்கே ஒரு முரண் எட்டிப்பார்க்கிறது. அமிலம் தடவியதால் மேல்தோல் தடித்தது என்பதை முதல் தரப்பு இளமை திரும்பியதற்கான அடையாளமாகக் காட்டுகிறது. அதே தடிப்பை இரண்டாம் தரப்பு காயத்தின் எதிர்வினை என்கிறது. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு அளவுகளாக இருக்கவும் வாய்ப்புண்டு.

இந்தத் தரப்பின் குறையும் ஒட்டுநாடாவிலேயே இருக்கிறது. நாடாவை நாற்பது ஐம்பது முறை ஒட்டி உரிப்பதும், வாரம் ஒருமுறை மாவு தேய்ப்பதும் ஒன்றல்ல. ஆய்வகத்தில் அரணை வேண்டுமென்றே உடைத்துப் பெற்ற முடிவுகளைக் குளியலறைக்கு அப்படியே கொண்டுவருவது பெரிய தாவல். அக்ரூட் போன்ற கொட்டைகளின் ஓட்டுத் தூள் சேர்ந்த ஸ்க்ரப்கள் தோலில் ‘நுண்கிழிசல்’ உண்டாக்குகின்றன என்ற பரவலான குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2016 இறுதியில் தொடுக்கப்பட்ட அத்தகைய வழக்கு ஒன்று, தீங்கை நிறுவும் சான்று போதவில்லை என்று 2018-இல் தள்ளுபடியானது. நீதிமன்றத் தீர்ப்பு அறிவியல் முடிவாகாது; கிழிசல் இல்லை என்று அது நிறுவவுமில்லை. ஆனால் எல்லோரும் உறுதியாகச் சொல்லும் ஒன்றுக்கு அடியில் எவ்வளவு மெல்லிய சான்று இருந்தது என்பதை அது காட்டிவிட்டது. அலுமினியம் ஆக்ஸைடு துகளைப் பீய்ச்சும் மைக்ரோடெர்மாப்ரேஷனில்கூட, 2002-இல் ராஜன், கிரைம்ஸ் இருவரும் அளந்தபோது, நீரிழப்பு 24 மணி நேரத்தில் ஏறி, ஒரு வாரத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது.

அரண் வலுவானது, நிறம் மன்னிக்காதது

இதுவரை பார்த்த விவாதத்தின் பெரும்பகுதி வெளிர்தோலில் நடந்தது. பழுப்பு, கருப்புத் தோலில் கேள்வியே வேறு வடிவம் எடுக்கிறது. என் பார்வையில் விவாதத்தின் மையம் இங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

1995-இல் ரீட், கதியாலி, இலையாஸ் மூவரும் வெவ்வேறு நிறத்தவரின் அரணை ஒட்டுநாடாவால் சோதித்தார்கள். கருந்தோலில் அரணைக் குலைக்கச் சராசரியாக 67 முறை உரிக்க வேண்டியிருந்தது. வெளிர்தோலில் 30 முறையே போதுமாக இருந்தது. மீட்பும் கருந்தோலில் விரைவு. 2009-இல் ரோஷன் குணதிலக குழு வெவ்வேறு நிலப்பகுதிகளைச் சேர்ந்த மூன்று மக்கள்தொகைகளில் இதைத் தொடர்ந்தது. தோலை நிறத்தால் வகுக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நான்காம், ஐந்தாம் வகைத் தோலின் மேற்பரப்பு பிஎச் வெளிர்தோலைவிட ஏறத்தாழ 0.5 குறைவு, கொழுப்பு அதிகம், பிணைப்புகள் நெடுநாள் நிலைத்தன. தமிழர்களில் பெரும்பாலோரின் தோல் இந்த வகைகளில் அடங்குவதே.

இதை மட்டும் படித்தால் நமக்குத் தேய்ப்பு ஒத்துக்கொள்ளும் என்று முடிவுகட்டிவிடலாம். மருத்துவமனை அனுபவம் வேறு. நிறமி நிறைந்த தோலில் சிறு அழற்சியும் கருமையாகப் பதிகிறது. அழற்சி சில நாளில் அடங்கும். மெலனின் அடித்தோலுக்குள் இறங்கிவிட்டால் கருமை மாதக்கணக்கில், சிலரில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். உராய்வால் வரும் கருமைக்குத் தனி வரலாறே இருக்கிறது. 1980-களில் ஜப்பானிய மருத்துவர்கள், நைலான் துண்டால் அழுத்தித் தேய்ப்பவர்களின் காறையெலும்பு, முதுகெலும்பு, முழங்கை போன்ற எலும்பு மேடிட்ட இடங்களில் பழுப்புப் படை படர்வதைக் கண்டார்கள். ஜோர்டான் நோயாளிகளில் இதே நோய் விரிவாக ஆராயப்பட்டது. அரபு நாடுகளில் பீர்க்கங்காய் நாரின் பெயரான லிஃபாவே நோயின் பெயராகவும் வழங்குகிறது. இந்தியாவில் முதுகிலும் கைகளிலும் அலையலையாகத் தெரியும் மாக்யுலர் அமிலாய்டோசிஸ் கருமைக்கு, நாரும் நைலான் வலையும் கொண்டு ஆண்டுக்கணக்கில் தேய்ப்பது ஒரு காரணமாகத் தொடர்ந்து பேசப்படுகிறது. மரபுக்கூறும் அதில் உண்டு என்பதால் தேய்ப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

பழைய ‘அழுக்கு’ விளக்கம் இங்கே தன் முழுக் கேட்டையும் காட்டுகிறது. தேய்த்ததால் கருத்த இடம் அழுக்காகத் தெரிகிறது, அழுக்கு என்பதால் இன்னும் தேய்க்கிறார்கள், இன்னும் கருக்கிறது. கழுத்தின் பின்புறம் வெல்வெட்போலத் தடித்துக் கருக்கும் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. இன்சுலின் எதிர்ப்போடு தொடர்புள்ள நிலை அது. ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டிய இடத்தில் பிள்ளைகளின் கழுத்தைத் தேய்த்துப் புண்ணாக்கும் வீடுகள் உண்டு.

அமிலப் பீல்களிலும் இதே கதை. இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் 2008-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் பீலுக்கு முன் பல வாரத் தயாரிப்பையும், கண்டிப்பான வெயில் காப்பையும் வற்புறுத்துவதற்குக் காரணம் அரண் அல்ல, நிறம். எரிச்சலைத் தணிக்கவும் கருமையைப் போக்கவும் மருந்துக்கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னொரு சுற்று. குறுகிய கால ஸ்டீராய்டு பூச்சே கொழுப்புச் சாந்தின் உற்பத்தியைக் குறைக்கிறது என்று 2003-இல் கண்டறியப்பட்டது. அரண் கெட்டுப்போய் வருபவரின் தோலில் அமிலத்தின் பங்கு எவ்வளவு, களிம்பின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது நடைமுறையில் கடினம்.

எதைக்கொண்டு அளக்கிறார்கள்

1970-களில் லிங்ஷோப்பிங்கில் நில்சன் வடிவமைத்த கருவி முதல், தோல்வழி நீரிழப்பே அரணின் நலத்தைச் சொல்லும் முதன்மை எண். நலமான முன்கையில் அது ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 5 முதல் 10 கிராம் அளவில் இருக்கும். எளிதானது, வலியில்லாதது. ஆனால் அது வெளியே போகும் நீரை அளக்கிறது; உள்ளே வரும் எரிச்சலூட்டியையோ புறஊதாக் கதிரையோ அளக்கவில்லை. கிளைக்காலிக் அமில ஆய்வுகள் இரண்டு திசையில் போனதற்கு ஒரு காரணம் இதுவே: நீரிழப்பு மாறவில்லை, வெயில் சேதம் மாறியது. நிறமாற்றத்தையோ இந்த எண் தொடவே தொடாது.

மற்ற குறைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெரும்பாலான ஆய்வுகள் ஒன்றிரண்டு டஜன் பேரில், மூன்று நான்கு வாரத்துக்கு, முன்கையில் நடந்தவை. பயன்பாடோ முகத்தில், ஆண்டுக்கணக்கில். ஒரே அமிலத்தைத் தனியாகச் சோதிக்கிறார்கள். மக்களோ காலையில் ஒன்று, இரவில் ரெட்டினாய்டு, வாரக்கடைசியில் ஸ்க்ரப் என்று சேர்த்துப் போடுகிறார்கள். பல ஆய்வுகளுக்குப் பொருள் தயாரிப்போரே செலவு செய்தார்கள். இதனால் முடிவு பொய்யாகிவிடாது. எந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதை மட்டும் அது தீர்மானித்துவிடுகிறது.

தெளிந்தவையும் தெளியாதவையும்

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு. குறைந்த செறிவில், பிஎச் கட்டுப்படுத்தப்பட்ட அமிலம், நலமான தோலில் சில வாரம் பயன்பட்டால் நீர் அரணைக் குலைப்பதாகத் தெரியவில்லை. வெயில் பாதிப்பைக் கிளைக்காலிக் அமிலம் கூட்டும். வறட்சியால் வரும் செதிலுக்கு ஈரப்பசை முதல் மருந்து. கரப்பான் இருக்கும் தோலிலும், 2006-இல் கண்டறியப்பட்ட ஃபிலாக்ரின் மரபணுக் குறைபாடு உள்ளவர்களிடமும், கைக்குழந்தைகளிடமும் அரண் ஏற்கெனவே மெலிந்தது. அங்கே உரிப்பதற்கு நியாயம் சொல்வது கடினம். அழுத்தித் தேய்க்கும் நீண்டகாலப் பழக்கம் நிறமி நிறைந்த தோலைக் கருக்கும் என்பதற்கு மருத்துவப் பதிவுகள் போதிய அளவில் உள்ளன, அவை கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள் அல்ல என்றாலும்.

ஒழுங்குமுறை இன்னும் பழைய எண்களில் நிற்கிறது. அமெரிக்க ஒப்பனைத் துறையின் நிதியில் இயங்கும் மூலப்பொருள் மறுஆய்வுக் குழு 1998-இல் சொன்ன வரம்பு: வீட்டுப் பயன்பாட்டுக்கு 10 விழுக்காடு வரை, பிஎச் 3.5-க்குக் குறையாமல், பயிற்சி பெற்றவர் கையால் குறுகிய நேரத்துக்கு 30 விழுக்காடு வரை, பிஎச் 3-க்குக் குறையாமல். 2005-இல் அந்நாட்டு உணவு மருந்துத் துறை வெயில் எச்சரிக்கை வாசகத்தைப் பரிந்துரைத்தது. 2024-இல் அதே துறை, கண்காணிப்பின்றி வீட்டில் செய்துகொள்ளும் வீரியமிக்க பீல்களுக்கு எதிராக எச்சரிக்க வேண்டியிருந்தது.

தெளியாதவை இன்னும் கனமானவை. ஒவ்வொரு முறைக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி விட்டால் மீட்பு முழுமையாகும்? வயதுக்கு வயது அது எவ்வளவு மாறும்? ‘வாரம் இருமுறை’ என்ற எண்ணுக்குப் பின்னால் உள்ளது பெரும்பாலும் வழக்கமே. இளமையில் ஆண்டுக்கணக்கில் உரித்த தோல் முதுமையில் எப்படி இருக்கும்? எண்ணெயோடு தேய்ப்பதும் சோப்போடு தேய்ப்பதும் அரணில் என்ன வேறுபாட்டை உண்டாக்குகின்றன? தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கோடிக்கணக்கான உடல்களில் நாள்தோறும் நடக்கும் இந்தக் கடைசி வேறுபாட்டைச் சோதிக்க விலையுயர்ந்த வசதிகள் தேவையில்லை. ஓர் ஆவியாதல் மானி, ஒரு நிறமானி, நான்காம் ஐந்தாம் வகைத் தோலுடைய நூறு பேர், ஓராண்டு. நீரிழப்பையும் கருமையையும் ஒரே உடலில், ஒரே காலத்தில் சேர்த்து அளந்தால், வலுவான அரணுக்குள் அந்தக் கருமை எப்படி நுழைகிறது என்ற கேள்விக்கு முதல் பிடி கிடைக்கக்கூடும்.